இடிக்காத பில்டரின் தெருக்கள்

ஜூன் 3, நியூயார்க்

அக்கா மகன் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறான். என்னை நயாகராவுக்கும் சுதந்திர தேவி சிலைக்கும் கூட்டிப்போகப் பட்டியல் வைத்திருந்தான். நான் ஒரு ரியல் எஸ்டேட்காரர் வாங்கிப்போட்ட தெருக்களைப் பார்க்க வேண்டும் என்றேன். "ஊர்ல பார்க்காத பில்டரா மாமா?" என்றான்.

ஊரில் பார்த்த பில்டர்கள் பழைய கட்டடத்தைக் கண்டதும் ஜேசிபிக்குப் போன் போடுகிறவர்கள். டோனி கோல்ட்மேன் பழசை வாங்கி, பழசாகவே வைத்துக் காசு பார்த்தவர். 2012 செப்டம்பரில் தன் 68ஆவது வயதில் இறந்தார். நியூயார்க்கில் சோஹோ, மியாமி பீச்சில் சவுத் பீச், மியாமியில் வின்வுட் என்று அவர் கைபட்டு மாறிய இடங்கள் பல. பிலடெல்பியாவில் 13ஆம் தெருப் பக்கமும் வாங்கியிருக்கிறார். அதற்கு மருமகனுக்கு லீவு இல்லை.

சோஹோவின் கிரீன் தெருவில் இப்போது ஒரு கைப்பையை 3,000 டாலருக்கு விற்கிறார்கள். மருமகன் சட்டைப் பையிலிருந்து ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்து ஒரு கடையின் தூணில் வைத்தான். டப்பென்று ஒட்டிக்கொண்டது. கல் தூண் போலவே தெரிகிற அது, பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு. கடைக் காவலாளி எங்களைப் பார்த்துச் சிரித்தார். தினமும் யாராவது செய்கிற வேலை போல. 1870களில் தூண், ஜன்னல் சட்டம், முகப்பு எல்லாவற்றையும் பட்டறையில் வார்த்து, வண்டியில் கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நடைபாதையிலும் சில இடங்களில் இரும்புச் சட்டத்துக்குள் வட்டக் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருக்கிறார்கள். மின்விளக்கு இல்லாத காலத்தில் கீழே இருக்கும் நிலவறைக்கு வெளிச்சம் போக அந்த ஏற்பாடு. பாதிச் சில்லுகள் உடைந்து சிமென்ட் பூசிக் கிடக்கின்றன. மிச்சத்தின் மேல் கால் வைத்தால் செருப்பு வழுக்குகிறது.

இந்தத் தெருக்கள் மிஞ்சியதே பெரிய விஷயம். தீயணைப்புப் படையினர் இந்தப் பகுதியை 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்பார்களாம். உள்ளே துணி, காகிதம், கந்தல் என்று எரிகிற சரக்காகவே இருந்தது. இந்தப் பகுதியின் தலைக்கு மேலே பத்து வழி மேம்பாலச் சாலை போட, நகரத்தின் சாலைகளையும் பாலங்களையும் போட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் வருடக்கணக்கில் திட்டம் வைத்திருந்தார். தெருவே போகப்போகிறது என்றால் யார் வெள்ளையடிப்பார்கள்? கட்டடச் சொந்தக்காரர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள், வாடகை சரிந்தது, பெரிய கூடங்களில் ஓவியர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறினார்கள். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்தினரும் போராடி, 1969இல் சாலைத் திட்டம் செத்தது. 1971இல் ஓவியர்கள் குடியிருக்கச் சட்டம் வழிவிட்டது. 1973இல் வரலாற்றுப் பகுதி என்று அறிவித்தார்கள்.

கோல்ட்மேன் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். 1968இல் மன்ஹாட்டனின் மேற்குப் பக்கத்தில் பழைய வீடுகளில் தொழிலைத் தொடங்கியவர், 1970களில் இங்கே வாங்க ஆரம்பித்தார். பாஸ்டன் பக்கம் கல்லூரியில் நாடகம் படித்த ஆள். வாங்கிப் பூட்டி வைக்காமல், கிரீன் தெருவிலேயே ஜாஸ் வாசிக்கிற ஓர் உணவகத்தைத் தானே நடத்தினார். ஆள் இல்லாத தெருவில் ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கு எரிந்தால், அதைப் பார்த்து அடுத்த கடை வரும். அவருடைய மொத்த வித்தையும் அதில் இருக்கிறது. போன இடமெல்லாம் முதலில் சாப்பாட்டுக் கடைதான்.

நாங்கள் சாப்பிட்ட கதை வேறு. பக்கத்தில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் தோசை வண்டி பிரபலம் என்று மருமகன் நடக்க வைத்தான். அன்றைக்கு வண்டியைக் காணோம். தூறல் வேறு. நாலரை டாலருக்கு ஆளுக்கு ஒரு துண்டு பீட்சா, ஒரு கடையின் தாழ்வாரத்தில் நின்றபடி.

திரும்பும் வழியில் ஹூஸ்டன் தெருவும் பவரியும் சேரும் முனையில் ஒரு பெரிய சுவர். 1982இல் கீத் ஹேரிங் அதில் வரைந்தார். 1984இல் கோல்ட்மேன் அந்த இடத்தை வாங்கினார். 2008இல் கலை வியாபாரி ஜெஃப்ரி டைட்சுடன் சேர்ந்து ஹேரிங்கின் ஓவியத்தைத் திரும்ப வரையவைத்தார். அப்புறம் ஓவியர் மாற்றி ஓவியர் என்று சுவர் ஓய்வில்லாமல் இருக்கிறது. நியூயார்க்கில் அப்படி ஒரு முனை இடத்தில் கட்டடம் எழுப்பாமல் சுவரை விட்டுவைப்பதற்கு மனசு வேண்டும். இல்லை, கணக்கு வேண்டும். எது என்று வின்வுட்டில்தான் புரிந்தது.

ஜூன் 4, வழியில்

மாலை ஆறு மணி விமானம் இடிமின்னலால் பதினொன்றரைக்குக் கிளம்பியது. மூன்று தடவை கேட் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கூட்டமே பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி தன் பிஸ்கட் பொட்டலத்தை வரிசையில் நின்ற எல்லோருக்கும் நீட்டினார். மறுத்தவர்களைக் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மியாமி பீச்சில் விடுதி வாசலை அடைந்தபோது மணி மூன்றரை. நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்து அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். முழுப் பணமும் முன்னாலேயே கட்டியிருந்தோம். வரவேற்பறை சோபாவில் உட்காரச் சொன்னார்கள். ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. ஆறரை மணிக்கு அறை கிடைத்தது. பில்லில் ஒரு நாளைக்கு 38 டாலர் 'ரிசார்ட் கட்டணம்' சேர்ந்திருந்தது. நீச்சல் குளத்துக்காம். குளத்தைப் பழுது பார்க்கிறார்கள் என்று பக்கத்திலேயே அட்டை தொங்கியது.

ஜூன் 5, சவுத் பீச்

தூக்கம் போதாத கண்ணுக்கு ஓஷன் டிரைவ் கொஞ்சம் அதிகம். மஞ்சள், வெளிர் பச்சை, ரோஸ், இளநீலம் என்று மூன்று மாடிக் கட்டடங்கள், எதிரே பனைகள், அப்பால் கடல். பத்தரை மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. ஆளுக்கு முப்பது டாலருக்கு மேல் கொடுத்து, கட்டடங்களை நடந்தே காட்டும் சுற்றுலாவில் சேர்ந்தோம். எழுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி வழிகாட்டி. அகல விளிம்புத் தொப்பி, கையில் விசிறி, நிழல் இருக்கும் இடத்தில் மட்டுமே நின்று பேசுவது என்ற கறாரான கொள்கை.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே ஒரு அடி, இரண்டு அடி நீட்டியிருக்கும் பலகையைக் காட்டி, அதைக் கட்டடத்தின் 'புருவம்' என்றார். நம்மூர் சன்ஷேடுதான். ஆனால் கட்டடத்தின் மூலையை வளைத்துக்கொண்டு அடுத்த பக்கமும் ஓடுகிறது. எதை எண்ணினாலும் மூன்று மூன்றாக வருகிறது: மூன்று மாடி, மூன்று கோடு, மூன்று பகுதியாகப் பிரித்த முகப்பு. கப்பலின் வட்ட ஜன்னல்கள், உள்ளே மொசைக் தரை, ராத்திரிக்கு நியான். 1930களின் பொருளாதார மந்தத்தில் 'ஆர்ட் டெகோ' என்ற பாணியில் சல்லிசாகக் கட்டிய சின்ன விடுதிகள் இவை. கல்லுக்குச் செலவழிக்கப் பணமில்லாமல் சுண்ணச் சாந்திலேயே பகட்டுக் காட்டியிருக்கிறார்கள். 1937இல் ஹென்றி ஹோஹவுசர் வடிவமைத்த பார்க் சென்ட்ரல் ஹோட்டலின் முன்னால் அந்த அம்மாள் கூடுதல் நேரம் நின்றார். நிழல் இருந்தது. கோல்ட்மேன் புதுப்பித்ததும் அந்த ஹோட்டல்தான்.

கோல்ட்மேன் 1985இல் இங்கே வந்து, பதினெட்டு மாதத்தில் பதினெட்டுக் கட்டடங்களை வாங்கினார். மாதம் ஒன்று. அன்றைக்குச் சவுத் பீச் இருந்த நிலையில் விற்கிறவர்கள் ஓடிவந்து விற்றிருப்பார்கள். வடக்கிலிருந்து வந்த வயதான யூதர்கள் சொற்பப் பென்ஷனில் வராந்தா நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஊர். 1980இல் மரியேல் துறைமுகத்திலிருந்து படகுகளில் வந்த ஒன்றேகால் லட்சம் கியூபர்களில் பலர் மலிவு வாடகைக்கு இங்கே இறங்கினார்கள். போதைப்பொருள், அடிதடி.

வழிகாட்டி அம்மாள் கோல்ட்மேன் பெயரைச் சொன்னது ஒரே தடவை. பார்பரா கேபிட்மன் பெயரை ஏழெட்டுத் தடவை. 1976இல் இந்தக் கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கி, ஜேசிபிக்கு முன்னால் நின்ற பெண்மணி கேபிட்மன். அவர் முயற்சியால் 1979இல் இந்தப் பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. சங்கத்தைச் சேர்ந்த லியனார்ட் ஹொரோவிட்ஸ்தான் இந்த மிட்டாய் வண்ணங்களைக் கொண்டுவந்தவர். அதற்கு முன் பெரும்பாலும் வெள்ளைதான்.

"பதிவேட்டில் ஏறினால் இடிக்க முடியாதா?" என்று கேட்டேன். முடியுமாம்! சொந்தக்காரர் தன் காசில் இடித்தால் தேசியப் பதிவேடு தடுக்காது. உள்ளூர்ச் சட்டம் தடுத்தால்தான் உண்டு. 1988இல் செனட்டர் ஹோட்டல் அப்படித்தான் போனது, கார் நிறுத்த. ஆனால் பதிவேட்டில் இருக்கும் கட்டடத்தை விதிப்படி புதுப்பித்து வியாபாரத்துக்கு விட்டால், செலவில் இருபது சதவீதத்தை மத்திய அரசு வரியில் கழித்துக்கொள்ளும். 1986இலிருந்து அந்த விகிதம். மருமகன் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "இப்பப் புரியுது மாமா, பழசு மேல ஏன் இவ்வளவு பாசம்னு."

பாசம், கணக்கு இரண்டும்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கேபிட்மன் காப்பாற்றிக் கொடுத்த காலிக் கட்டடங்களுக்குள் விளக்கேற்ற ஆள் தேவைப்பட்டது. கோல்ட்மேன் பணத்தோடு வந்தார், உணவகம் திறந்தார், ஓஷன் டிரைவின் நடைபாதையை அகலப்படுத்தச் சொல்லி நகராட்சியை விடாமல் நச்சரித்தவர்களில் ஒருவராக இருந்தார். மேசை நாற்காலி வெளியே வந்தது அதனால்தான்.

அந்த மேசைகளில் ஒன்றில் ராத்திரி நாங்கள் பட்ட பாடு. வாசலில் மெனுவை வைத்துக்கொண்டு கையைப் பிடிக்காத குறையாக ஒருவர் அழைத்தார். மெனுவில் பானங்களுக்கு விலை இல்லை. மருமகன் கேட்ட மார்கரீட்டா, இரண்டு பீர் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகிய ஒரு கண்ணாடித் தொட்டியில் வந்தது. 46 டாலர். என் கறுப்பு பீன்ஸ் சோறு 24. இருபது சதவீத சேவைக் கட்டணத்தைச் சேர்த்துவிட்டு, அதற்குக் கீழே டிப்ஸ் போட ஒரு கோடும் விட்டிருந்தார்கள். அதில் மருமகன் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டான்.

ஜூன் 6

மழை. நம்மூர் ஐப்பசி மழை தோற்றது. மத்தியானம் அரை மணி நேரத்தில் மேற்குப் பக்கத் தெருக்களில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அது வடிவதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. கடற்கரையில் பழுப்புநிறக் கடற்பாசி குவிந்து முட்டை அழுகின நாற்றம். ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்துக் காயவைத்துவிட்டு அறையிலேயே படுத்துக் கிடந்தேன். மருமகன் ஆபீஸ் வேலை பார்த்தான்.

ஜூன் 7, வின்வுட்

பாலம் தாண்டி மியாமி நகருக்குள் பஸ்ஸில் போனோம். டிரைவர் ஏறுகிற ஒவ்வொருவரையும் ஸ்பானிய மொழியில் நலம் விசாரிக்கிறார். பதில் சொல்லாவிட்டால் வண்டி நகராது போலிருந்தது. நாங்களும் "பியென், பியென்" என்றோம்.

வின்வுட்டில் கடலும் இல்லை, அழகான கட்டடமும் இல்லை. துணி, செருப்பு மொத்த வியாபாரிகளின் ஒற்றை மாடி குடோன்கள். திருட்டுப் பயத்தில் ஜன்னல் வைக்காத சுவர்கள். சுற்றிலும் 1950களிலிருந்து புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் சின்ன வீடுகள். 2000களின் நடுவில் கோல்ட்மேன் இங்கே இரண்டாம் அவென்யூவை ஒட்டி வாங்க ஆரம்பித்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. சவுத் பீச்சில் காப்பாற்ற ஆர்ட் டெகோ இருந்தது. இங்கே எதைக் காப்பாற்றுவது? ஜன்னல் இல்லாததையே அவர் லாபமாகப் பார்த்தார். ஹூஸ்டன் தெருச் சுவரில் கற்ற பாடம். 2008இல் மகன் பெயரில் ஓர் இத்தாலிய உணவகம். 2009 டிசம்பரில், ஊரே கலைச் சந்தைக்காகக் கூடியிருந்த வாரத்தில், டைட்சைத் துணைக்கு வைத்துக்கொண்டு குடோன் சுவர்களை உலகத் தெரு ஓவியர்களிடம் கொடுத்தார். வின்வுட் வால்ஸ் என்று பெயர்.

இப்போது அதற்குள் போக ஆளுக்கு 12 டாலர். உள்ளே புல்தரை, காவலர்கள், பரிசுப் பொருள் கடை, கல்யாணப் புகைப்படம் எடுக்க வந்த ஜோடி. ஷெப்பர்ட் ஃபேரியின் சிவப்புச் சுவரில் கோல்ட்மேனின் முகமும் இருக்கிறது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் சிமென்ட் செங்கலின் இணைப்புக் கோடுகள் அவர் கன்னத்தின் குறுக்கே ஓடுகின்றன. குடோன் இன்னும் குடோனாகத்தான் இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது. 12 டாலர் பிடிக்கவில்லை. தெருவில் சும்மா பார்க்கக் கிடைக்கும் என்பதுதானே தெரு ஓவியத்தின் பெருமை?

காவலர் ஹைட்டிக்காரர். "வெளியே பின்பக்கச் சந்துகளுக்குப் போங்கள், அங்கேதான் நல்லது இருக்கிறது, காசும் இல்லை" என்று அவரே மெதுவாகச் சொன்னார். உண்மை. சந்துகளில் நேற்று வரைந்தது மாதிரி ஈரம் மின்னும் ஓவியங்கள், அதற்குள் அவற்றின் மேல் யாரோ கிறுக்கிவிட்ட கையெழுத்து. ஒரு பையன் கோக்காலி மேல் நின்று ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இறங்கி, நாங்கள் கடக்கும்வரை டப்பாவை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டான். சட்டையில் படாமல் இருக்கவாம்.

ஆனால் அந்தச் சந்துகளின் தலைக்கு மேலே கண்ணாடிக் கட்டடங்கள் எழுகின்றன. 2015இல், எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதிகளை மாற்றி, குடோன் பகுதியில் பல மாடிக் குடியிருப்புகளுக்கு இடம் கொடுத்தார்கள். கோல்ட்மேன் அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டார். நிறுவனத்தை மகள் ஜெசிகா நடத்துகிறார். ஒரு மூலையில் பாதி ஓவியத்தை மறைத்துக்கொண்டு எட்டு மாடி எழும்பியிருந்தது. ஒரு பெண்ணின் ஒற்றைக் கண்ணும் நெற்றியும் மட்டும் மிச்சம். ஓவியத்தைப் பார்க்க வந்த கூட்டத்தால்தான் அந்த மனைக்கு விலை ஏறியது!

ஒரு காபி ஆறு டாலர். காபி நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 8, வின்வுட்டின் வடக்கு

காலையில் நெடுஞ்சாலைப் பக்கமாக வடக்கே நடந்தோம். ஒரு கடையின் ஜன்னல் வழியாகக் காபி விற்கிறார்கள். விரலளவு பிளாஸ்டிக் டம்ளரில் சர்க்கரை நுரைத்த கியூபக் காபி, ஒன்றேமுக்கால் டாலர். கொய்யாப் பழக்கூழ் அடைத்த பஃப்ஸ் ஒன்று இரண்டு டாலர். வெளியே மொறுமொறு, உள்ளே நாக்கைச் சுடுகிற இனிப்பு. விற்கிற அம்மாள் எல்லோரையும் "மி அமோர்", அதாவது என் அன்பே, என்றார். மருமகன் அதற்காகவே இன்னொரு தடவை வரிசையில் நின்றான்.

ராபர்ட்டோ கிளெமென்ட்டே பூங்கா வரை போனோம். புவேர்ட்டோ ரிக்கோவின் பேஸ்பால் வீரர் பெயர். மாமரத்தடியில் நாலு கிழவர்கள் டாமினோ ஆடினார்கள். கட்டைகளை மேசையில் அறைகிற சத்தத்தில் பேச முடியவில்லை. பழுத்து விழுந்த மாம்பழங்களை யாரும் தொடவில்லை. நான் ஒன்றை எடுத்ததும் ஒரு கிழவர் தலையை ஆட்டி, அந்த மரத்தை விட்டு அடுத்த மரத்தைக் காட்டினார். அதுதான் இனிப்பு. நார் கொஞ்சம் அதிகம், நம்ம ஊர் நாட்டு மாம்பழ ருசி.

வின்வுட்டைக் கோல்ட்மேன் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதைப் படித்துவிட்டு இங்கே வந்தால் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் பழைய ரொட்டித் தொழிற்சாலையை ஓவியர்கள் 1980களிலேயே பட்டறைகளாக மாற்றியிருக்கிறார்கள். பேக்ஹவுஸ் என்று இன்றும் நடக்கிறது. ரூபெல் குடும்பம் 1993இல் போதைப்பொருள் தடுப்புத் துறையின் பழைய குடோனை வாங்கித் தங்கள் ஓவியச் சேகரிப்பை வைத்தது. சோஹோவில் ஓவியர்கள், சவுத் பீச்சில் கேபிட்மன், இங்கே இவர்கள். ஏற்கெனவே யாராவது கிளப்பி வைத்த உயிர்த்துடிப்பு எங்கே இருக்கிறதென்று மோப்பம் பிடித்து, அங்கே தைரியமாகப் பணம் போட்டு, பொறுமையாகக் காத்திருப்பது அவருடைய திறமை. சின்னத் திறமை இல்லை. அதே விலைக்கு மொத்தத்தையும் தரைமட்டமாக்கி அடுக்குமாடி கட்டியிருக்கலாம், எத்தனையோ பேர் கட்டினார்கள். ஆனால் அவர் காப்பாற்றியது கட்டடங்களைத்தான். உள்ளே இருந்த வாடகைக்காரர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. சவுத் பீச் வராந்தாக்களில் இன்று ஒரு பென்ஷன் கிழவரைக்கூட நான் பார்க்கவில்லை.

விமான நிலையத்துக்கு வாடகைக் கார். டிரைவர் நிகராகுவாக்காரர். வின்வுட்டிலா ஏறினீர்கள் என்று கேட்டவர், அங்கே ஒரு செருப்பு குடோனில் ஒன்பது வருடம் மூட்டை ஏற்றியதாகச் சொன்னார். முதலாளி நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனார். இவருக்கு ஒரு மாதச் சம்பளம் கையில் கொடுத்தார். இப்போது தெற்கே ஹோம்ஸ்டெட்டில் வீடு, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி நகருக்கு வருகிறார்.

"கோல்ட்மேன் என்று ஒருவர்..." என்று இழுத்தேன்.

"சுவர்க்காரர்தானே? நல்ல மனிதர் என்பார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தச் சுவர்களைக் காட்டினேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. அப்பா இங்கேயா வேலை பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள்."

என்ன சொன்னீர்கள் என்று மருமகன் கேட்டான். அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன் என்றார். ஒன்று ஒன்பது டாலராம்.